சேற்றில் ஐந்து விரல்

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரத்தில் பதினேழு சமையலறையில் கை வைத்தார்.

பதினேழு என்பது அவர் முப்பத்தொரு வருடம் ஓட்டிய பேருந்தின் எண். பணிமனையில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பிறகு கடைக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பரவி, அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கும் வங்கிக்கும் மட்டும் என்றாகிவிட்டது. அன்று மனைவி வேலைக்குப் போனதும் டப்பாக்களை எல்லாம் இறக்கி, உயர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் எழுதி ஒட்டினார். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதற்குத் தனிச் சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனைவி டீ போட்டாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். சர்க்கரை இருந்த இடத்தில் இப்போது உப்பு இருந்தது.

"நாளையிலேருந்து காலையில நடக்கப் போங்க," என்றாள்.

"எங்க?"

"எங்கயாவது. வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்."

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. குரலை உயர்த்திப் பேசியே யாரும் கேட்டதில்லை. நாள் முழுக்க மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிப் பழகிய குரல் அது. வீட்டிலும் அவள் ஒன்று சொன்னால் எதிரில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்துவிடுவார்.

பதினேழுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வழியனுப்பு விழாவில் ஓர் இளம் அதிகாரி எழுந்து கணக்குப் போட்டுச் சொன்னார்: இவர் ஓட்டிய தூரத்தில் நிலாவுக்கு ஏறக்குறைய இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கலாம். எல்லோரும் கை தட்டினார்கள். பதினேழும் சிரித்தார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அது முள்ளாகக் குத்தியது. நிலாவுக்குப் போயிருக்கலாம்தான், போனது என்னவோ பணிமனைக்கும் அணைக்கட்டுக்கும். பத்தொன்பது கிலோமீட்டர் போனது, அதே பத்தொன்பது வந்தது. செக்குமாடுகூட எண்ணெய் எடுத்துக் கொடுக்கிறது, நான் என்னத்தை எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தார்.

மறுநாள் காலை நடக்கக் கிளம்பியவர் பெரிய சாலைப் பக்கம் போகவில்லை. தன் வண்டியை வேறொருவர் ஓட்டிப் போவதைப் பார்க்க மனம் வரவில்லை. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஆற்றங்கரையை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை போகும். பாலத்தின் மேல் தினமும் எட்டு முறை அந்த ஆற்றைக் கடந்தவர், ஒரு முறைகூட அதன் பக்கத்தில் இறங்கி நின்றதில்லை.

நான்காம் நாள் அந்தத் தடத்தைப் பார்த்தார்.

முந்தின நாள் நல்ல மழை. ஆற்று நீர் ஏறி வடிந்த இடத்தில் சேறு வழவழவென்று படிந்திருந்தது. அதன் மேல் ஒரு வரிசைக் காலடிகள். டயர் தடத்தைப் பார்த்தே எந்த வண்டி, எவ்வளவு பாரம், எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவார் அவர். பழக்க தோஷத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு தடமும் அவர் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. விரல்களை எண்ணினார், ஐந்து. அங்கங்கே தடங்களுக்கு நடுவில், கயிற்றை இழுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு கோடு. தடம் புதர்ப் பக்கத்திலிருந்து இறங்கி, ஒரு பாறையைச் சுற்றி, தண்ணீருக்குள் போய் முடிந்தது.

எழுந்து நின்றபோது முழங்கால் இரண்டும் ஈரமாக இருந்தன. கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. மூன்று வாரமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

வீட்டில் மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தங்கரையில என்னமோ பெருசா நடமாடுது," என்றார்.

"நாயா இருக்கும்."

"நாய் எதுக்கு வாலைச் சேத்துல இழுத்துட்டுப் போகுது?"

"சோர்ந்த நாயா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்து பிடிக்க ஓடினாள்.

ஆனால் பதினேழு விடுகிற மாதிரி இல்லை. மத்தியானமே மைத்துனனைத் தேடிப் போனார்.

மனைவியின் தம்பி பல்செட் செய்கிறவன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் எழுதிய சீட்டு. ஊரில் பாதிப் பேருடைய வாய் என் கைக்குள்ள என்று பெருமையடித்துக்கொள்வான். பகல் முழுவதும் பேசாத வாய்களோடு இருப்பதாலோ என்னவோ, ஓர் உயிருள்ள ஆள் படியேறி வந்தால் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசுவான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மைத்துனன் கையிலிருந்த அரத்தை வைத்தான். "மாமா, இது சிறுத்தை."

"சிறுத்தை வாலைத் தூக்கிட்டுல்ல போகும்?"

"நீங்க சிறுத்தையப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"நானும் இல்ல. அப்ப எப்படி இல்லன்னு சொல்றீங்க?" அலமாரிக்கு அடியிலிருந்து மாவு மூட்டையை இழுத்தான். "வாங்க, அச்சு எடுத்துடலாம். வாயத் திறக்கச் சொல்லி எத்தனையோ பேர்கிட்ட அச்சு எடுத்தாச்சு. காலுக்கு இதுதான் முதல் தடவை. அதுவும் ஆள் இல்லாமலே."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். ரப்பர் கிண்ணம், கரண்டி, இரண்டு கிலோ மாவு, ஒரு பாட்டில் தண்ணீர். தடத்தைச் சுற்றிக் கரை கட்ட ஏதாவது வேண்டுமே என்று பதினேழு யோசித்து, வீட்டுப் பரணில் கிடந்த பழைய எக்ஸ்ரே பிலிமைப் பட்டையாக வெட்டி எடுத்து வந்திருந்தார். யாரோ ஒருவருடைய விலா எலும்பு வளையமாகச் சேற்றில் நின்றது. மைத்துனன் மாவைக் குழைத்தான். பேச்சு நின்றது. கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல ஊற்றினான். அவன் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்து பதினேழு பார்த்ததில்லை.

மாவு இறுக இருபது நிமிடம் ஆகும் என்றான். அதுவரை சும்மா நிற்காமல் பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கக் காலை வைத்தவன், முழங்கால் வரை சேற்றில் இறங்கினான். இழுத்துப் போட்டபோது கால் வந்தது, ஷூ வரவில்லை.

"விடுங்க மாமா. அதுக்கும் நம்ம தடம் ஒண்ணு தெரிய வேண்டாமா?" என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சொன்னான்.

அச்சைக் கழுவிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். அதைக் கையில் எடுத்து, பழக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஊடுருவித் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும் கீழே இறக்கி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். மற்ற இருவரும் முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளிகள் மாதிரி எதிரே நின்றார்கள்.

"நாய்க்கும் பூனைக்கும் நாலு விரல்தான் மண்ணுல பதியும். சிறுத்தையும் பூனைச் சாதிதான்," என்றாள். "இதுல அஞ்சு. விரலுக்கு நடுவுல லேசாத் தோல் இருக்கு, பாருங்க. இந்த இடம் பள்ளமாகாம மேடாயிருக்கு. இது நீந்துற ஜீவன்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீர்நாய்."

இருவரும் குனிந்து அச்சைப் பார்த்தார்கள்.

"நான் முதல்லயே நாய்னு சொன்னேன்ல?" என்று அச்சை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு பதினேழு வீட்டில் தங்கவில்லை. விடிந்தால் ஆற்றங்கரை. பெரிய தடம் ஒன்று, சின்னத் தடங்கள் இரண்டு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டார். தாயும் இரண்டு குட்டிகளும் என்று வைத்துக்கொண்டார். சேறு காய்ந்த அளவை வைத்து எத்தனை மணிக்குப் போயிருக்கும் என்று கணித்தார். ஒரு நோட்டில் வழித்தடம் வரைந்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. புறப்படும் இடம், புதர் அடியில் ஒரு குழாய் வாய். முதல் நிறுத்தம், தட்டைப் பாறை: அதன் மேல் மீன் செதிளும் நண்டு ஓடுமாக எச்சம் கிடக்கும். இரண்டாவது, அவை உருண்டு புரள்கிற மணல் திட்டு. மூன்றாவது, மண் சரிவு. அதற்கப்பால் ஆறு வளைந்து போகும் இடத்தோடு நோட்டு முடிந்தது. பாறையில் காலை ஆறு பத்துக்கு இருக்கும் என்று பக்கத்தில் நேரமும் எழுதினார்.

தினமும் அதே வழி. பத்து நாளும் மாறவில்லை. அது தெரிந்ததும் அவருக்குப் பழைய குறுகுறுப்பு திரும்ப வந்தது. அன்று ராச்சாப்பாட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"அதுவும் என்னை மாதிரிதான் போலிருக்கு. காடு, ஆறு எல்லாம் அதுக்குச் சொந்தம். எங்க வேணும்னாலும் போகலாம். ஆனா பாரு, போன வழியிலயே போகுது. போன வழியிலயே வருது."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. முப்பத்தொரு வருசம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வந்திருக்கேன். வேற எங்கயாவது போயிருக்கலாமோன்னு தோணுது."

மனைவி சாப்பிடுவதை நிறுத்தினாள். "சுத்திச் சுத்தி வந்தீங்க, சரி. நான் எந்த வண்டியில ஏறினேன்?"

அவளுக்குத் தெரியாததா என்ன.

அப்போது அவள் வேலையில் சேர்ந்த புதிது. சின்ன மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் பழுப்பு உறைகளில் பிலிம்களைச் சுமந்துகொண்டு ஆறாவது நிறுத்தத்தில் ஏறுவாள். எப்போதும் தாமதம். உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருவாள். பதினேழு ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி வைப்பார். அப்புறம் அது இரண்டு நிமிடமானது. ஒரு நாள் அவள் ஓடாமல், வண்டி நிற்கும் என்ற தைரியத்தில் சாவகாசமாக நடந்து வந்தாள். பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "டிரைவர், இப்படித் தினமும் ரோட்டுல காத்துக்கிடக்கறதுக்கு, ஒரு தடவை அவங்க வீட்டுக்கே போய்க் கேட்டுடுங்க. எங்களுக்கும் ஆபீசுக்கு நேரமாகுது," என்றார். வண்டியே சிரித்தது. அவர்கள் இருவருக்கும் புரிவதற்கு முன்பே வண்டியில் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

"வேற வழியில போயிருந்தீங்கன்னா நான் வேற எவனுக்காவது டீயில உப்பைப் போட்டுக் கொடுத்திருப்பேன்," என்றாள் மனைவி. "அது சரி, தினமும் அதே வழிதான்னு சொல்றீங்களே, தடம் நெசமாவே ஒரே மாதிரியா இருக்கு? நல்லாப் பாத்தீங்களா? எல்லாம் ஒரே நெஞ்சுதான்னு எக்ஸ்ரேவ ஒதுக்கினா என் வேலை போயிடும்."

மறுநாள் காலை பதினேழு நல்லாப் பார்த்தார். பெரிய தடம் நேராகத்தான் போயிருந்தது. சின்னத் தடங்களில் ஒன்று அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனது. ஆனால் மற்றது, அந்தக் கடைக்குட்டி, நேராகப் போனதாக ஓர் இடத்திலும் இல்லை. ஒரு நண்டு வளைக்குப் போய், நாலு பக்கமும் மண்ணைக் கிளறிவிட்டுத் திரும்பியிருந்தது. ஒரு குட்டையைச் சுற்றி இரண்டு சுற்று. ஒரு பறவை நடந்த தடத்தின் பின்னாலேயே பத்தடி போய், பறவைத் தடம் சட்டென்று நின்றுபோன இடத்தில் நாலைந்து காலடி குழம்பி, அப்புறம் பெரிய தாவல்களாகத் தாய் போன வழிக்கு ஓடியிருந்தது. நேற்றைய தடத்தில் நண்டு இல்லை. முந்தா நாள் பறவை இல்லை.

அவர் பாறையில் உட்கார்ந்தார். என்னென்னவோ நினைவுக்கு வந்தது. வண்டியிலேயே ஊதுகுழல் பழகி, வருடக்கணக்கில் எல்லோர் காதையும் பதம் பார்த்து, கடைசியில் ஒரு நாள் அருமையாக வாசித்த ஆள். அன்றைக்கு அணைக்கட்டு வந்தும் யாரும் இறங்கவில்லை. ஒருவர் பெரிய கண்ணாடிச் சட்டத்தோடு ஏறி, அது உடையாமல் இருக்கப் பத்தொன்பது கிலோமீட்டரும் நாற்பது பேர் கை கொடுத்த நாள். திடீரென்று ஆலங்கட்டி மழை பெய்து, வண்டியை ஓரம் கட்டி, பயணிகள் எல்லாம் ஜன்னல் வழியே கை நீட்டிப் பிடித்த நாள். நிலாவில் இதெல்லாம் ஏது என்று தோன்றியதும் தன்னையறியாமல் சிரித்தார். தனியாகச் சிரிக்கிறோமே என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் மூவரும் போவது என்று முடிவானது. மனைவிக்கு விடுமுறை. மைத்துனன் அவித்த முட்டைகளும் ஃபிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தான். பேசக் கூடாது என்று அக்கா கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

விடிகிற நேரத்தில் பாலத்தைக் கடந்து, பாறையும் சரிவும் தெரிகிற மாதிரி எதிர்க்கரையில் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஆற்றின் மேல் பனி மெல்லியதாகப் படர்ந்திருந்தது. மணி ஆறு பத்து ஆனது. ஒன்றும் வரவில்லை. ஆறே கால். மைத்துனன் ஒரு முட்டையை ஓசையில்லாமல் உரித்துத் தின்றான். ஆறு இருபத்தைந்து. அவனால் தாங்க முடியவில்லை.

"மாமா," என்று காதருகே கிசுகிசுத்தான். "உங்க வண்டி லேட்டு."

அக்கா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தக் கணத்தில் தண்ணீர் பிளந்தது.

முதலில் ஒரு தட்டையான தலை, பளபளவென்று. அதன் பின்னால் இரண்டு சின்னத் தலைகள். தாய் கரையேறி உடம்பை உதறியது. வாயில் ஒரு மீன் துடித்தது. பாறை மேல் போட்டு, முன்னங்கால்களால் அமுக்கிக் கடித்தது. ஒரு குட்டி பக்கத்தில் போய்ப் பங்கு கேட்டுக் கத்தியது. இன்னொன்றுக்கு மீன் கண்ணில் படவே இல்லை. அது சரிவில் ஏறியது. உச்சிக்குப் போய் வயிற்றைத் தரையில் வைத்து, கால்களைப் பின்னுக்கு நீட்டி, சர்ரென்று வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. வெளியே வந்து மறுபடியும் ஏறியது. மறுபடியும் வழுக்கியது. மூன்றாவது முறை உச்சியில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்கிற மாதிரி தாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. தாய் பார்க்கவில்லை. அதற்காக அது சோர்ந்துவிடவில்லை. இறங்கியது, ஏறியது.

ஏழாவது தடவை அது பக்கவாட்டில் உருண்டு, தின்றுகொண்டிருந்த மற்ற குட்டியின் மேல் போய் மோதி, இரண்டும் மீனோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தன. பதினேழு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, ஆற்றின் இரு கரையிலும் கேட்டது. தாய் தலையைத் தூக்கி, சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. அடுத்த நொடி தண்ணீரில் மூன்று வளையங்கள் மட்டும் விரிந்துகொண்டிருந்தன.

"என்னைப் பேசக் கூடாதுன்னுட்டு," என்றான் மைத்துனன்.

பதினேழு மனைவியைப் பார்த்தார், திட்டு விழும் என்று. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

"அந்தக் குட்டி," என்றாள் மூச்சு வாங்க. "எங்கயும் போகாமலே எத்தனை தடவை போச்சு."

டீ குடித்தார்கள். மீதி முட்டைகளைத் தின்றார்கள். வெயில் ஏறி, பனி கலைந்து, எதிர்க்கரைச் சேறு மினுமினுக்கத் தொடங்கியது. கிளம்பலாமா என்று பதினேழு எழுந்தார். அதற்குள் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறு வளைந்து திரும்புகிற இடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் நான் போனதே இல்ல," என்றார் அவர் பின்னாலிருந்து.

"நானும்தான்."

"வழி இருக்கான்னு தெரியாது."

"அதுங்க அந்தப் பக்கம்தானே போச்சு? அப்ப ஒரு வழி இருக்கும்."

மைத்துனன் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு பூட்ஸ் சளக் சளக்கென்று ஒலிக்கப் பின்னால் வந்தான். வளைவைத் தாண்டியதும் ஆறு அகன்று, நடுவில் ஒரு மணல் தீவு தெரிந்தது. அதன் மேல் வெள்ளைப் பறவைகள் நூறாவது இருக்கும். மூவரும் நின்று பார்த்தார்கள். மனைவிதான் முதலில் குனிந்தாள். ஈர மணலில், தைத்த நூல் மாதிரி பொடிப்பொடியாக ஒரு வரிசை ஓடியது.

"ஆமையா இருக்கும்," என்றான் மைத்துனன்.

"ஆமைக்கு இவ்வளவு அவசரமா?" என்றாள் அக்கா.

பதினேழு மணலில் மண்டியிட்டார். "இருங்க, இருங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிச்சத்தை விட்டு நகருங்க."

அவர்கள் வீடு திரும்பியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் எப்போதோ கடந்திருந்தது.